மட்டக்களப்பில் வாங்கிய நுணுக்குக்காட்டி: உயிரியல் ஆசிரியரின் பார்வை

உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவர்கள் மட்டக்களப்பு டவுனில் கிடைக்கும் இந்த 40, 100, 400 மடங்கு மாணவர் நுணுக்குக்காட்டியைத் தயங்காமல் வாங்கலாம். களுவாஞ்சிகுடியில் என் வகுப்பில் இதைத்தான் பாவிக்கிறேன். விளக்கு பற்றரியிலும் எரியும், கரண்ட் போனாலும் பாடம் நிற்காது.

எனக்கு மிகவும் பிடித்தது பெட்டியோடு வரும் குழி உள்ள வழுக்கி, அதாவது பார்க்கும் பொருளை வைக்கும் கண்ணாடித் தகடு. மாரி காலத்தில் படுவான்கரைப் பக்கம் வயல் வாய்க்காலில் எடுத்த வாற்பேத்தையை (தவளைக் குஞ்சை) ஒரு சொட்டுத் தண்ணீரோடு அந்தக் குழியில் வைத்து, 100 மடங்கில் வால் ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய குழாய்க்குள் முட்டை வடிவக் குருதிக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்துப் போகும். பக்கத்தில் கறுப்பு நிறக் கலங்கள் கிளை விரித்துக் கிடக்கும். பிள்ளைகள் கண்ணை எடுக்கவே மாட்டார்கள். சில நிமிடத்தில் அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், விளக்குச் சூடு தாங்காது, பாவம்.

இப்படியொரு குழி வழுக்கியில்தான் 1907 இல் அமெரிக்காவில் ரொஸ் ஹரிசன் என்ற உயிரியலாளர் நரம்பு நார் வளர்வதை உயிரோடு பார்த்தார். தவளை முளையத்தின் (வளரும் கருவின்) நரம்புக் குழாயில் ஒரு துணுக்கை எடுத்து, மூடிக் கண்ணாடியில் விட்ட தவளை நிணநீர்ச் சொட்டில் வைத்து, அந்தக் கண்ணாடியைக் குழிமேல் கவிழ்த்து, ஓரத்தை மெழுகால் அடைத்தார். நரம்புக் கலத்திலிருந்தே நார் நீண்டு வந்தது, நுனி அமீபா மாதிரி ஊர்ந்தது. பல கலங்கள் சங்கிலியாகச் சேர்ந்துதான் நார் உண்டாகிறது என்ற வாதம் அதோடு ஆட்டம் கண்டது. தவளைதான் இதற்குத் தோது. அதன் முளையக் கலம் ஒவ்வொன்றும் மஞ்சட்கருவைக் கட்டிச்சோறாக வைத்திருப்பதால், வெளியே எடுத்தாலும் பிழைத்து வளரும். சூடாக்கி வைக்கவும் தேவையில்லை.

அந்த நரம்பு நாரின் நுனி நகர்வதைப் பார்க்கலாம் என்று நம்பி மட்டும் இதை வாங்காதீர்கள். குழி வழுக்கி தடிப்பு, 400 மடங்கு வில்லை அதில் முட்டும். வழுக்கியைப் பிடிக்கும் கிளிப்பும் இளகல்தான், ஒரு பிள்ளை மேசையில் கை வைத்தால் காட்சி ஓடிவிடும். திருகி நகர்த்தும் தட்டு உள்ள மாதிரிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

அப்புறம், எங்கள் கடற்காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டை பெட்டிக்குள் போட்டு மூடி வையுங்கள்.