பேராதனைப் பக்கத்து ‘சாப்பாட்டோடு போர்டிங்’: எதற்குச் சம்மதிக்கலாம், எதற்குக் கூடாது

கலஹா வீதி, ஹிந்தகல, மீவத்துர, பெனிதெனிய என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை தேடினால் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். அறை தருவோம், ஆனால் சாப்பாடும் எங்களிடம்தான் எடுக்க வேண்டும். அறைக்குள் ரைஸ் குக்கர், ஹீற்றர் எதுவும் வைக்க விடமாட்டார்கள். பிள்ளை தானே சமைக்கிற வழி அத்தோடு அடைபட்டுவிடும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காலையும் இரவும் கட்டாயம் என்றால் அந்த இடத்தை எடுக்கலாம். மதியமும் கட்டாயம் என்றால் வேறு வீடு பாருங்கள்.

மதியச் சாப்பாடு பார்சலாகத்தான் வரும். 8 மணி விரிவுரைக்குப் போகிற பிள்ளைக்குக் காலை 6 மணிக்கே கட்டி வைப்பார்கள். ஆய்வுகூடம் முடிந்து அதை அவிழ்க்கும்போது ஒரு மணி தாண்டியிருக்கும். ஏழு மணித்தியாலம்! ஆவி பறக்கிற சோற்றை அப்படியே மூடிக் கட்டினால் ஆவி தண்ணீராகி உள்ளேயே இறங்கும். நடுவில் உள்ள சோறு வெகு நேரம் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமிக்கு அதுதான் தோதான சூடு. அதன் வித்துகள் சமைக்கும் சூட்டிலும் சாகாது. அது விடுகிற வாந்தி நஞ்சோ, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. முதலில் புளிப்பது தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, அடுத்தது பச்சை வெங்காயம் போட்ட சம்பல். பார்சலை அவிழ்த்ததும் சோறு நூல் விட்டாலோ பருப்பில் நுரை தெரிந்தாலோ ஒரு பிடிகூட வாயில் வைக்க வேண்டாம்.

நன்றாகக் கட்டுகிற வீடுகளும் உண்டு. அங்கே சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி போனபின் கட்டுவார்கள். பார்சலுக்குப் பாற்கறி வைக்கமாட்டார்கள். போஞ்சி பிரட்டல், கருவாட்டுப் பொரியல், கொறக்காப்புளி போட்ட அம்புல் தியல் மாதிரி வரட்டுக் கறிதான். சம்பல் தனிப் பொட்டலத்தில் வரும். அப்படியும் நாலு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கம்பஸ் கன்ரீனில் சுடச்சுடச் சோறு கிடைக்கும்போது இந்தப் பார்சலுக்கு மாதக் காசு கட்டுவதில் அர்த்தமில்லை.

இரவுச் சாப்பாடு வேறு கதை. மழையில் நனைந்து மேடேறி வருகிற பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே சோறு கிடைப்பது பெரிய உதவி, அதற்குக் காசு கொடுக்கலாம். ஆனால் அளவைக் கவனியுங்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 125 முதல் 150 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு போட வேண்டும். 90 கிராம் சோயா பக்கெற் நாலு பேருக்குச் சரி. அதையே பத்துப் பேருக்கு நீட்டினால் ஆளுக்கு 4, 5 கிராம் புரதம்தான் தேறும். ஒரு முட்டையில்கூட 6 கிராம் இருக்கிறது. தேங்காய் விலை ஏறுகிற மாதங்களில் பருப்பு தண்ணீராகும், சம்பல் வெங்காயமாகும். அப்படியான நாட்களில் ஆளுக்கொரு முட்டை வைக்கிற ஆன்ட்டியை விட்டுவிடாதீர்கள்.

சைவப் பிள்ளைகளுக்கு ஒன்று. ‘மரக்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. பருப்பிலும் உருளைக்கிழங்கிலும் சம்பலிலும் மாசிக் கருவாடு போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அதை மீன்கறியாகவே யாரும் எண்ணுவதில்லை. சிங்களத்தில் ‘உம்பலகட நெத்துவ’ (மாசி இல்லாமல்) என்று சேரும்போதே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி நாட்களுக்கும், முஸ்லிம் பிள்ளைகள் என்றால் நோன்பு மாதத்துச் சஹர் சாப்பாட்டுக்கும் என்ன ஒழுங்கு என்பதை அப்போதே பேசி வையுங்கள்.

காசு கரைகிற இடம், சாப்பிடாத நாட்களுக்குக் காசைக் கழிக்கிற விஷயம்தான். அட்டன், பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் வார இறுதியில் ஊருக்குப் போவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் மாதத்தில் எட்டு நாள். சாப்பாட்டுக் காசில் கால்வாசிக்கு மேல் சாப்பிடாத சோற்றுக்குப் போகிறது. பல்கலைக்கழக மாணவருக்கு மாதம் கிடைக்கிற மகாபொல உதவிப் பணம் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. அந்த 7,500ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 250 ரூபாதான். அதில் எட்டு நாள் காசை எறிய எந்தத் தோட்டத்துக் குடும்பத்தாலும் முடியாது. முழுவதையும் திருப்பிக் கேட்பதும் நியாயமில்லை, சமைக்கிறவரின் கூலி குறையாதே. முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொன்னால் பாதிக்கு மேல் கழிக்கிற வீடு நல்ல வீடு. விடுமுறையிலும் பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையிலும் சாப்பாட்டுக் காசு வாங்கவே கூடாது. இரண்டையும் அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு இரண்டாம் மாதத்தில் மறந்துபோகும்.

பேராதனையை விட்டு நுவரெலியா, கொட்டகலைப் பக்கம் விடுதிச் சாப்பாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: கடலை, கௌபி வேகாமல் வருவது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். இரவு முழுக்க ஊறவைத்து பிரஷர் குக்கரில் போடாவிட்டால் வயிறு கெடும். இந்தக் குளிரில் ஆறு மணிக்குச் சுட்ட ரொட்டியும் எட்டு மணிக்குக் கல்லாகிவிடும், சுடச்சுடச் சுட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஒரு வேளை காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்குக் கோழிக்கறி இருக்கும். புதன் அல்லது வியாழன், அதுவும் இரவு எட்டரைக்குப் பிறகு போங்கள். கடைசியாக வருகிற பிள்ளைக்குச் சட்டியில் கறித்துண்டு மிஞ்சியிருக்கிறதா, குழம்பு மட்டும்தானா என்பது அப்போதுதான் தெரியும்.