பட்டனுக்கு க்ளோஷரா, செலக்டரா?

ஐபோன் ஆப்பில் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல யூஐகிட்டில் (திரைகளை அமைக்க ஆப்பிள் தரும் தொகுப்பு) இரண்டு வழி. பழையது டார்கெட்-ஆக்‌ஷன்: செலக்டரை (ஓட வேண்டிய ஃபங்ஷனின் பெயர்) கொடுத்துவிட்டு, வேலையைத் தனி ஃபங்ஷனாக வேறோர் இடத்தில் எழுதுவது. 2020-இல் ஐஓஎஸ் 14-உடன் பட்டனுக்கு வந்தது யூஐஆக்‌ஷன்: வேலையை அங்கேயே க்ளோஷராக (சுற்றியுள்ள மதிப்புகளையும் பிடித்து வைக்கும் கோட் துண்டு) கொடுத்துவிடலாம். பழைய திரைகளைத் திருத்தி எழுதும்போது நான் க்ளோஷருக்கு மாறினேன். இன்றும் அந்தக் கட்சிதான்.

படிக்க எளிது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. செலக்டருக்குப் பட்டனும் ஈவென்டும்தான் வந்து சேரும். ஒரு பட்டியலில் அழுத்தியது எந்த வரிசையின் ‘நீக்கு’ பட்டன் என்று அறிய, பட்டனின் டேகில் (பட்டனோடு ஒட்டி வைக்கும் எண்) வரிசை எண்ணைப் போட்டு வைப்போம். மேலே ஒரு வரிசை போய்விட்டால் அந்த எண் தப்பு. க்ளோஷர் அந்தப் பொருளின் ஐடியையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பிடிதான் வம்பும். செலக்டர் முறையில் பட்டன் டார்கெட்டை (ஃபங்ஷன் இருக்கும் பொருள்) இறுக்கிப் பிடிப்பதில்லை, அதாவது மெமரியிலேயே நிறுத்தி வைப்பதில்லை. க்ளோஷரில் செல்ஃப் (இங்கே அந்தத் திரையே) வந்துவிட்டால் திரை பட்டனையும், பட்டன் க்ளோஷரையும், க்ளோஷர் திரையையும் பிடித்துக்கொள்ளும். திரையை மூடினாலும் டீஇனிட் (பொருள் அழியும்போது ஓடும் கோட்) ஓடாது, மெமரி திரும்பாது. வீக் செல்ஃப் (இறுக்காத பிடி) போட்டால் தீர்ந்தது. அதைப் போட இடமே இல்லாத ஒரு வடிவமும் இருக்கிறது: நாமே எழுதிய பட்டனில் ‘ஆன்டேப் = சேவ்’ என்று ஃபங்ஷன் பெயரை நேரே கொடுப்பது. பார்க்க அழகு. செல்ஃப் என்ற சொல்லே கண்ணில் படாது, ஆனால் முழுப் பிடி. கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

அப்புறம், டேபிள் செல், அதாவது பட்டியலில் ஒரு வரிசையைக் காட்டும் பெட்டி. ஸ்க்ரோல் செய்யும்போது அதே செல் வேறு வரிசைக்கு மறுபடி பயன்படும்போதெல்லாம் புது யூஐஆக்‌ஷனைச் சேர்த்தால், பழையவை போகாமல் ஒரே தட்டலுக்கு எல்லாம் ஓடும். எல்லாவற்றுக்கும் ஒரே ஐடென்டிஃபயர் (அடையாளப் பெயர்) கொடுத்தால் புதியது பழையதன் இடத்தைப் பிடிக்கும். செலக்டரில் இந்தக் கவலை இல்லை; அதே டார்கெட்டையும் செலக்டரையும் எத்தனை முறை சேர்த்தாலும் ஒன்றுதான்.

ஆப்பிளின் புதிய திரைத் தொகுப்பான ஸ்விஃப்ட்யூஐயில் வியூ ஒரு ஸ்ட்ரக்ட் (பிடித்து வைக்கப்படாமல் நகலாகும் மதிப்பு) என்பதால் இந்தச் சுழல் கிடையாது. அங்கே ஃபங்ஷன் பெயரைத் தாராளமாக நேரே கொடுப்பேன். மேக் ஆப் நான் அதிகம் எழுதியதில்லை, அதனால் ஆப்கிட் (மேக்கின் திரைத் தொகுப்பு) பற்றி இதே உறுதியோடு பேச மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய செலக்டர்களை இதற்காகவே மாற்றப் போக வேண்டாம். திரையை எப்படியும் தொடும்போது மாற்றினால் போதும்.