கதவுள்ள அலமாரியா, திறந்த தட்டா? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஓர் அலசல்

சமையலறையையும் புத்தகங்களையும் ஒழுங்குபடுத்தலாம் என்று கிளம்பினால் முதலில் முட்டுவது இந்தக் கேள்விதான்: எல்லாவற்றையும் கதவுக்குள் தள்ளி மூடுவதா, கண்ணில் படும்படி தட்டுகளில் அடுக்குவதா? தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் வேலை பார்த்தபோது நாங்கள் திறந்த தட்டுக்குப் போனோம். அதே சமயம் நாகர்கோவிலில் வீடு கட்டிய அண்ணன் கதவுள்ள மாடுலர் கிச்சனும், கண்ணாடி போட்ட புத்தக அலமாரியும் வைத்தார். சில மழைக்காலங்கள் இரண்டு வீட்டையும் பார்த்தாகிவிட்டது. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

அழகில் அண்ணன் வீடுதான் முன்னால். விருந்தாளி வந்தால் கதவைச் சாத்தினால் போதும், உள்ளே எப்படிக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. செலவில் திறந்த தட்டு மலிவு. கதவு, கீல், கைப்பிடி, பின்பலகை எதுவும் இல்லையே. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வசதி: போல்ட் போட்ட ரேக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். இதெல்லாம் எல்லோரும் அறிந்தது.

நம் ஊரில் தீர்ப்பு சொல்வது ஈரம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நமக்கு ஜூனில் தென்மேற்கு தொடங்கி, அது ஓயும் கையோடு அக்டோபரில் வடகிழக்கும் வந்துவிடும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் சுவர் காய இடைவெளியே கிடைக்காது. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் அப்படியே நின்றால், பூசணம் பிடிக்க அதுவே போதும்.

அலமாரிக் கதவு ஈரத்தை உள்ளே விடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈரம் கீல் இடுக்கிலும் பின்பக்கச் சுவர் வழியாகவும் தாராளமாக உள்ளே போகும். போன ஈரத்தை வெளியே கொண்டுவரக் காற்று வேண்டும். கதவு தடுப்பது அந்தக் காற்றைத்தான். இறுக்கி மூடிய டப்பாவாக இருந்தாலும் ஒரு பயன் உண்டு, திறந்த தட்டாக இருந்தாலும் ஒரு பயன் உண்டு. சாதாரண அலமாரி இரண்டிலும் சேராது. அதுவும் மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் ஒட்டி வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அண்ணன் வீட்டுப் புத்தகங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஆடி மாதத்தில் கெட்டி அட்டை போட்ட ஒன்றை உருவிப் பாருங்கள். முதுகில் ஒட்டிய காலிகோ துணி மேல் சாம்பல் பச்சையாக ஒரு படலம். விரலை வைத்தால் பொடியாக ஒட்டும். பிரித்தால் ஒரு புழுங்கிய வாடை. சுவரோரம் நின்ற பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள். அண்ணி அந்துருண்டை போட்டுப் பார்த்தார். அது பூச்சிக்கு ஆகும், பூசணத்துக்கு ஆகாது. தாளையும் பசையையும் அரிக்கும் வெள்ளிப் பூச்சிக்கும் இருட்டும் ஈரமும்தான் பிடித்த இடம்.

எங்கள் புத்தகத் தட்டு, வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழைய அயினி மரப் பலகையில் செய்தது. எங்கள் ஆசாரி சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்: “கதவு வேண்டாம்னா பின்னாடி பலகையும் வேண்டாம் சாரே. சுவத்துல ஒட்டாம நிக்கட்டும்.” சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. கீழ்த் தட்டு தரையிலிருந்து அரையடி உயரம்; தரை துடைக்கும் தண்ணீர் தெறிக்காது, செதல், அதாவது கரையான், மண் ஏற்றினாலும் உடனே கண்ணில் படும். ஆழம் ஒன்பது அங்குலம் மட்டும். ஆழம் கூடினால் புத்தகத்தை இரண்டு வரிசையாக அடுக்கத் தோன்றும், பின்வரிசையை மறந்துவிடுவோம். முக்கால் அங்குலப் பலகை என்றால் தாங்குகால்களுக்கு நடுவே இரண்டரை அடிக்கு மேல் விடாதீர்கள், நடுவில் தொய்ந்துவிடும். டெம்மி அளவுப் புத்தகம் எட்டரை அங்குல உயரம் வரும். தட்டுக்குத் தட்டு பத்து அங்குலம் விட்டால் எடுக்கவும் வசதி, மேலே காற்றும் போகும். தீபாவளி மலர், அட்லஸ் எல்லாம் கீழ்த் தட்டுக்கு. ஒன்று முக்கியம்: புத்தகங்களை இறுக்கி நெருக்காதீர்கள். இரண்டு விரல் நுழையும் இளக்கம் இருக்க வேண்டும்.

ரப்பர் மரம் நம் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். மருந்தேற்றாத ரப்பர் பலகையில் மாவுச்சத்து அதிகம். வண்டு துளைக்கும், பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். போரான் மருந்தேற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள்.

சமையலறைக்கு வருவோம். அண்ணன் வீட்டில் ஸிங்குக்கு அடியில் இருக்கும் பெட்டி பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. விளிம்பில் ஒட்டிய பட்டை லேசாக விட்டதும் தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. உப்பியது திரும்பச் சுருங்காது. கதவு போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் கேளுங்கள். ‘கமர்ஷியல்’ என்று விற்பது ஈரத்துக்கு நிற்காது. நாங்கள் சுவரில் கடப்பா கல் பதித்து அதன் மேலேயே எல்லாம் வைத்திருக்கிறோம். கல்லுக்கு உப்பலும் இல்லை, செதலும் இல்லை.

இங்கே விதி கொஞ்சம் மாறும். தட்டு திறந்திருக்கட்டும், டப்பா இறுக மூடியிருக்கட்டும். மழை தொடங்கினால் கருப்பட்டி கசியும், உப்பு நீர் விடும், பப்படம் தளர்ந்துவிடும். விறகடுப்புக் காலத்தில் கருப்பட்டியை அடுப்புக்கு மேல் பரணில் வைத்தார்கள். புகையும் சூடும் பார்த்துக்கொண்டன. கேஸ் அடுப்பில் அதற்கு வழியில்லை, எவர்சில்வர் டப்பாதான் கதி. பாத்திரம், சம்படம், அரிவாள்மனை, தேங்காய் துருவி எல்லாம் காற்றில் காயட்டும். கழுவிய பாத்திரத்தை ஈரத்தோடு கதவுக்குள் அடுக்கினால் அதுவே ஒரு வாடைக்கு வழி.

அடுக்குவதில் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. தினம் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே. அரிசி டிரம் தரையோரம், சிறு மனைப்பலகை மேல். குடம்புளியும் கருவாடும் தனி மூலை, வாடை மற்றதில் ஏறாது. ஒரே வரிசையாக வைத்தால் எது தீர்ந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

திறந்த தட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அடுப்புக்கு அருகே இருக்கும் டப்பா மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பசை மாதிரி படியும். தேங்காய் எண்ணெயில் பொரிக்கும் வீட்டில் வாரம் ஒருமுறை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைக்காமல் தீராது. பல்லியும் வரும். துடைக்க ஆளில்லாத வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். புத்தகத்தில் தூசி, ஒரு துணியோடு போகும் வேலை.

இன்னொன்று, நான் பேசுவது மேற்குப் பக்கத்து ஈரத்தைப் பற்றி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுழலும் காற்றில் தூசிதான் பெரிய தொல்லை. அங்கே கதவு லாபமாக இருக்கலாம். குளச்சல் மாதிரி கடலோரத்தில் நான் குடியிருந்ததில்லை. ஆனால் உப்புக்காற்றில் இரும்பு ரேக்கின் பெயின்ட் உரிந்த இடத்திலும் திருகு துளையிலும் துரு ஆரம்பிக்கும் என்பதால், அங்கே மரமோ கல்லோதான் தேடுவேன்.

நடுவழி வேண்டும் என்றால் பழைய வலை அலமாரி இருக்கிறது. மரச் சட்டத்தில் கம்பி வலை அடித்த கதவு. பல்லியும் பூனையும் நுழையாது, காற்று நுழையும். பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிகளும் காற்றுக்கு வழி விட்டுத்தானே நிற்கின்றன. ஏற்கெனவே கண்ணாடி அலமாரி செய்து முடித்தவர்கள் அதை உடைக்க வேண்டியதில்லை. பின்பலகையில் மேலும் கீழுமாகச் சில ஓட்டைகள் போட்டு, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் இழுத்துவிடுங்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் கதவுகளைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு வையுங்கள். பூசணம் பிடித்த புத்தகத்தை நேர் வெயிலில் காயப்போட வேண்டாம், தாள் மஞ்சளாகும். நிழலில் காய வைத்து, வாசலுக்கு வெளியே நின்று பிரஷ்ஷால் தட்டிவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். அண்ணன் இப்போது அப்படித்தான் செய்கிறார். அடுத்த ஆடியில் பார்த்தால்தான் பலன் தெரியும்.