லவிங்கா, ஆர்தரா?

அமெரிக்காவில் ஆளரவம் குறைந்த கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒன்றைப் பார்க்க விரும்புவோர் டெக்சஸின் லவிங், நெப்ராஸ்காவின் ஆர்தர் ஆகிய இரண்டுக்கும் இடையே தடுமாறுவதுண்டு.

மக்கள்தொகை: 2020 கணக்கெடுப்பின்படி லவிங்கில் 64 பேர், ஆர்தரில் 434 பேர்.

பரப்பு: லவிங் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர், ஆர்தர் அதைவிடச் சற்றுப் பெரியது.

பிழைப்பு: லவிங்கில் எண்ணெய், ஆர்தரில் மாடு வளர்ப்பு. எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலையாட்களும் லாரிகளும் வெளியிலிருந்து வந்துபோவதால், கணக்கேட்டில் வெறிச்சோடிய லவிங் சாலையில் அப்படித் தோன்றுவதில்லை என்பது வேடிக்கைதான்.

பள்ளி: லவிங்கின் பிள்ளைகள் பக்கத்துக் கவுன்டியின் விங்க் ஊருக்குச் செல்கின்றனர், ஆர்தரில் உள்ளூரிலேயே பள்ளி உண்டு.

காண்பதற்கு: லவிங்கின் தலைநகரான மென்டோனில் 1930களில் எழுந்த நீதிமன்றக் கட்டடத்தைத் தவிர அதிகமில்லை. ஆர்தரிலோ, மரம் அரிதான மணற்குன்று நிலத்தில் வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கிச் சுவரெழுப்பி, மேலே பூச்சுப் பூசி 1928இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

எண்ணெய்த் தொழிலின் போக்கை அறிய விரும்புவோருக்கு லவிங் ஏற்றது. புல்வெளியையும் நிலைத்த ஊர்வாழ்க்கையையும் காண விரும்புவோர் ஆர்தருக்கே செல்லலாம், என் தேர்வும் அதுவே.