வாரம் ஒன்றா, மொத்தமாகவா, பாதி பாதியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே ஸ்பாய்லர் நிறைய இருக்கிறது. தி பிட், செவரன்ஸ், அடோலசென்ஸ், ஸ்க்விட் கேம், ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ், ஆண்டோர், சின்னர்ஸ் இதில் எதையாவது இன்னும் பார்க்காமல் வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஓடிடி தொடர்களின் எபிசோடை வாரம் ஒன்றாக விடுவதா, மொத்தமாக விடுவதா, பாதி பாதியாக விடுவதா என்பதில் எனக்கும் என் தம்பிக்கும் ஓயாத சண்டை. நான் எபிசோட் வந்த அன்றைக்கே பார்க்கிற ரகம். அவன் கடைசி எபிசோட் வந்து சீசன் முடிந்த பிறகுதான் முதல் எபிசோடையே தொடுவான், அதுவரை வீட்டில் யாரும் அந்தத் தொடரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ‘பசியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு வாரம் ஒரு கவளமா போடுவார்கள்?’ என்பது அவன் வாதம். 2025-இல் வந்த தொடர்கள் எங்கள் சண்டைக்கு நல்ல தீனி போட்டன, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தது.

தி பிட்டில் தொடங்குகிறேன், எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு ஷிஃப்ட், காலை 7 மணிக்குத் தொடங்கி எபிசோடுக்கு ஒரு மணி நேரமாக 15 எபிசோட். 2025 ஜனவரியில் முதல் இரண்டும் சேர்ந்து வந்தன, அப்புறம் வாரம் ஒன்று, ஏப்ரலில் முடிந்தது. அந்த வருஷத்து எம்மி விருதுகளில் சிறந்த டிராமா தொடர் இதுதான். இதில் நெஞ்சுவலி என்று வந்து காத்திருப்போர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், கதவு திறக்கும்போதெல்லாம் இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்திக்கொண்டே இருப்பார். ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருக்கும். அப்புறம் எரிச்சல் வரும், அதற்கும் அப்புறம் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றும். ஒன்பதாவது எபிசோட் முடிவில் வெளியே போகும் வழியில், கொஞ்சம் ஓய்வாக நின்றுகொண்டிருக்கும் தலைமை நர்ஸ் டானாவின் முகத்தில் ஓங்கிக் குத்திவிட்டுப் போகிறார். கதையில் அவர் காத்திருந்தது மணிக்கணக்கு, நான் அவரோடு காத்திருந்தது வாரக்கணக்கு. அந்தக் குத்து எனக்கு எங்கே விழுந்தது என்பதை ஒரே மூச்சில் பார்த்தவர்களிடம் விளக்கவே முடியவில்லை.

ஆனால் வாரம் ஒன்று என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அது ஞாபகம். அதே தொடரில் டாக்டர் லாங்டன் மருந்து திருடுகிற விஷயத்துக்கு முதல் பாதியிலேயே சின்னச் சின்னதாக விதை போட்டிருப்பார்கள், மூடி சரியாகத் திறக்காத ஒரு மருந்துக் குப்பி, கணக்கில் குறையும் மாத்திரைகள் என்று. பத்தாவது எபிசோடில் அது உடையும்போது நான் அந்தக் குப்பியை மறந்தே போயிருந்தேன். சாண்டோஸ் என்கிற ஜூனியர் பெண்தான் ஆரம்பத்திலிருந்து மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார், நானோ அவரை வம்புக்காரி என்று நினைத்து வாரம் வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

செவரன்ஸில் வாராவாரக் காத்திருப்பின் வேறொரு முகம் தெரிந்தது. முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது, இரண்டாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. நடுவில் 2023-இன் எழுத்தாளர் வேலைநிறுத்தம் இருந்தது, அது நியாயமான காரணம்தான், ஆனாலும் இரண்டே முக்கால் வருஷம். அத்தனை நாள் காத்திருந்தவனுக்கு இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோட் கொடுத்த அடி இருக்கிறதே, நாயகன் மார்க்கின் மனைவி ஜெம்மாவுக்கு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் என்ன நடக்கிறது என்று காட்டுகிற எபிசோட், அதைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி வேறு எதையும் போட மனசே வரவில்லை. ஒரு வாரம் கழித்து எட்டாவது வந்தது. 40 நிமிடம்கூட இல்லை, முழுக்க முழுக்க, மார்க்கின் பழைய மேலதிகாரி கோபல் தன் பழைய ஊருக்குப் போகிற கதை, பனியும் மௌனமும். தனியாகப் பார்த்தால் மோசமான எபிசோட் இல்லை. ஏழு நாள் எண்ணிக்கொண்டிருந்தவனுக்குத்தான் அது வயிற்றெரிச்சல். மொத்தமாக விட்டிருந்தால் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற இடமாக அது நன்றாகவே உட்கார்ந்திருக்கும். தம்பிக்கு அந்த எபிசோட் பிடித்திருந்தது என்பதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, அவனிடம் அப்போது சொல்லவில்லை.

சரி, மொத்தமாக விடுகிற கட்சிக்கு வருவோம். இந்த வழக்கத்தைப் பெரிதாக்கியது 2013 பிப்ரவரியில் 13 எபிசோடையும் ஒரே நாளில் இறக்கிய ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ். 2025 மார்ச்சில் அதே மாதிரி வந்தது அடோலசென்ஸ், நான்கே எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத சிங்கிள் டேக். 13 வயதுப் பையனை விடியற்காலையில் கதவை உடைத்துக் கைது செய்கிறார்கள், அங்கிருந்து கேமரா இறங்கவே மாட்டேன் என்கிறது. மொத்தம் நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டேன். அது தப்பு.

ஏன் என்றால் மூன்றாவது எபிசோட். ஒரு அறை, பையன் ஜேமி, அவனை மதிப்பிட வந்திருக்கும் பெண் உளவியலாளர், கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு என்று நம்பவே முடியாது, ஒரு வாக்கியத்தில் குழந்தையாக இருக்கிறான், அடுத்த வாக்கியத்தில் எழுந்து நின்று மிரட்டுகிறான், உடனே மறுபடியும் குழந்தை. 15 வயதில் அந்தப் பையன் எம்மி வாங்கியதில் ஆச்சரியமே இல்லை. கடைசியில் அந்தப் பெண் தனியாக நின்று மூச்சைச் சமாளிக்கிறார், நாமும் கூடவே சமாளிக்க வேண்டிய நேரம் அது. அப்போது பார்த்துத் திரையின் மூலையில் அடுத்த எபிசோடுக்கான எண்ணிக்கை ஓட ஆரம்பிக்கிறது. ரிமோட்டைத் தேடுவதற்குள் நாலாவது தொடங்கிவிட்டது. கதையிலோ மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மாதங்கள் ஓடியிருக்கின்றன, அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளில்தான் நாலாவது விழிக்கிறது. எனக்கு நடுவில் ஓடியது பத்து நொடி. இரண்டு மாதம் கழித்து நாலாவதை மட்டும் தனியாக ஒரு மதியம் பார்த்தேன். வேனில் குடும்பமே போய்க்கொண்டிருக்கும்போது வருகிற அந்த ஃபோன் அழைப்பும், அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் படுக்கையில் உட்கார்ந்து பேசுவதும், முதல் தடவை எனக்குள் போகவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஆக, மொத்தமாக விடுவதற்கே செய்தது மாதிரி இருக்கிற ஒரு தொடரைக்கூட மொத்தமாகப் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. ஒருவன் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே, யார் தடுத்தது என்று கேட்கலாம். கேட்கலாம்தான். பாக்கெட்டைப் பிரித்த பிறகு நான்கு சிப்ஸோடு நிறுத்துகிறவர்கள் கேட்கட்டும்.

பாதி பாதியாக விடுகிறார்களே, அதைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு ஆசை இல்லை. ஸ்க்விட் கேம் இரண்டாவது சீசன் 2024 டிசம்பர் கடைசியில் 7 எபிசோடாக வந்தது, விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு எதிரான கலகம் நசுங்கி, நாயகனின் நண்பன் அவன் கண்ணெதிரே சுடப்படுகிற இடத்தில் அப்படியே நின்றது. மூன்றாவது என்று பெயர் போட்டு மீதி 6 எபிசோட் வந்தது ஆறு மாதம் கழித்து, 2025 ஜூனில். இரண்டு சீசன் என்றார்கள், நான் பார்த்தது ஒரே சீசனை நடுவில் கிழித்த இரண்டு துண்டு. ஆறு மாதத்தில் கலகம் செய்தவர்களில் பாதிப் பேரின் முகமே மறந்துவிட்டது, அவர்கள் சட்டையில் இருந்த எண்கள் மட்டும் ஞாபகம் இருந்தன.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் கடைசி சீசனும் இதே வேலைதான், 2025 நவம்பர் இறுதியில் 4, கிறிஸ்துமஸுக்கு 3, வருஷத்தின் கடைசி நாளில் 1, அமெரிக்கக் கணக்கில். ஆனால் இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், நாலாவது எபிசோட் முடிவு ஒரு நிஜமான முடிவு. இத்தனை வருஷமாகப் பாதிக்கப்பட்டவனாகவே இருந்த வில் என்கிற பையன் கையை நீட்டி அந்த மிருகங்களை நிறுத்துகிற இடத்தில் ஒரு மாதம் காக்க வைத்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அதை நம்பி உட்கார்ந்தால் அடுத்த மூன்றிலும் கும்பல் கும்பலாக நின்று கையில் கிடைத்த பொருளை வைத்துத் திட்டம் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள், ஜவ்வு. அந்த மூன்றும் நாலோடு சேர்ந்து வந்திருந்தால் மன்னித்திருப்பேன். தனிப் பொட்டலமாக வந்ததால் தனியாகத் தோற்றன.

ஸ்டார் வார்ஸ் உலகத்துத் தொடரான ஆண்டோரின் இரண்டாவது சீசனைத்தான் எல்லாரும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். 12 எபிசோட், வாரம் மூன்றாக நாலு வாரம். அதில் அழகு என்னவென்றால் கதையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு மூன்றும் ஒரு வருஷம். அடுத்த வாரம் திறக்கும்போது கதையில் ஒரு வருஷம் போயிருக்கும், யார் யாரோடு இருக்கிறார்கள், யார் காணோம் என்று நாமே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது வாரம் கோர்மன் கிரகத்துப் படுகொலையும், அதைக் கண்டித்து செனட்டர் மான் மோத்மா செனட்டில் பேசிய பேச்சும் அடுத்தடுத்து வந்தன. அவற்றைப் பிரித்து இரண்டு வாரமாக விட்டிருந்தாலும் வலு குறைந்திருக்கும், 12-ஐயும் ஒரே நாளில் கொட்டியிருந்தாலும் கூட்டத்தில் கரைந்திருக்கும். எந்த அளவில் பரிமாற வேண்டும் என்று எழுதும்போதே தெரிந்த மாதிரி இருந்தது.

இப்போது சினிமா. தொடர்களோடு அதை ஏன் கோத்துவிடுகிறாய் என்றால், சின்னர்ஸும் தி பிட்டும் கிட்டத்தட்ட ஒரே வடிவம், யாராவது கவனித்தீர்களா தெரியவில்லை. இரண்டும் முக்கால்வாசி ஒரே நாளின் கதை. காலையில் ஆட்களைச் சேர்ப்பது, பொழுது சாயும்போது எல்லாவற்றையும் இரத்தத்தில் முக்குவது. தி பிட்டில் நாள் முழுக்க ஒவ்வொரு நோயாளியாக, டாக்டராக அறிமுகம், சாயங்காலம் இசைவிழாவில் துப்பாக்கிச் சூடு. சின்னர்ஸில் இரட்டைச் சகோதரர்கள் ஊரைச் சுற்றிப் பாட்டுக்காரன், பியானோக்காரர், கடைக்காரத் தம்பதி, வாசலில் நிற்க ஒரு பலசாலி என்று சேர்க்கிறார்கள், ராத்திரி இரத்தக்காட்டேரிகள் வருகிறார்கள். ஒன்று 15 எபிசோடில் செய்வதை இன்னொன்று 137 நிமிடத்தில் செய்கிறது.

அது எப்படிச் சாத்தியமாகிறது என்று சின்னர்ஸை இரண்டாவது தடவை பார்க்கும்போது கவனித்தேன். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை, இரண்டுமே அந்தத் தம்பதியுடையது. கேமரா வெட்டாமல் ஒரு கடையிலிருந்து தெருவைத் தாண்டி மற்றதற்குள் போகிறது. அந்த ஒரு நடையிலேயே ஊர் கறுப்பர், வெள்ளையர் என்று எப்படிப் பிரிந்துகிடக்கிறது, நடுவில் சீனர்களான இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. தொடராக இருந்தால் இதற்கு ஒரு எபிசோடும் ஒரு ஃபிளாஷ்பேக்கும் வைத்திருப்பார்கள். அதே சமயம் காட்டேரிகளை நம்மிடம் காட்ட இயக்குநர் ரயான் கூக்ளருக்கு அவசரமே இல்லை. டிக்கெட் வாங்கி இருட்டில் உட்கார்ந்துவிட்டவன் எழுந்து ஓடமாட்டான் என்ற தைரியம் சினிமாவுக்கு இருக்கிறது. ஓடிடி தொடருக்கு அது இல்லை, முதல் ஐந்து நிமிடத்தில் யாராவது செத்தாக வேண்டும்.

ஆனால் சினிமாவால் முடியாதது ஒன்று உண்டு. தி பிட்டின் 13-வது எபிசோட் முடிவில், பிணங்களை வைத்திருக்கும் அந்தக் குழந்தைகள் அறையில், சுவரில் வரைந்த விலங்குப் படங்களுக்குக் கீழே அந்தப் பிரிவை நடத்தும் டாக்டர் ராபி உடைந்து உட்காருகிறார். அந்த அழுகைக்குப் பின்னால் 13 மணி நேரம் இருக்கிறது, அவரோடு நானும் இருந்த 13 மணி நேரம். சின்னர்ஸில் சாவுகள் வந்தபோது பதறினேன், சிலரின் பெயர்கூட அதற்குள் பதியவில்லை. இது குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வித்தியாசம் பெரியது.

என் வரிசை கேட்டால் ஆண்டோர் முறை முதல், தனித்தனியாக நிற்கிற எபிசோட் எழுதத் தெரிந்தவர்களுக்கு வாரம் ஒன்று அடுத்தது, இரண்டரை மணி நேரத்தில் சொல்ல முடிந்த கதையென்றால் தயவுசெய்து படமாகவே எடுத்துவிடுங்கள், அதற்கப்புறம் மொத்தமாக. பாதி பாதி கடைசியிலும் கடைசி. ஒரே ஷிஃப்ட் என்ற சட்டத்தை மாற்றாமல் தி பிட் இரண்டாவது சீசன் 2026 ஜனவரியிலேயே வந்துவிட்டதைப் பார்த்தால், மூன்று மூன்று வருஷம் எடுத்துக்கொள்கிறவர்கள் சொல்லும் சாக்கெல்லாம் இனி என்னிடம் எடுபடாது.

தம்பி முதல் சீசனை ஒரு சனி ஞாயிறில் முடித்தான், அறிமுகப் பகுதியையெல்லாம் தாண்டிவிட்டு. திங்கள்கிழமை கேட்டேன்.

‘அந்தக் குத்து எப்படி இருந்தது?’

‘எந்தக் குத்து அண்ணா?’

‘டானாவை ஒருத்தன் அடிப்பானே.’

‘ஓ, அவனா. யார் அவன், புதுசா வந்தவனா?’

நான் வெற்றிச் சிரிப்பு சிரிப்பதற்குள் அவன் கேட்டான், ‘அந்த மருந்துக் குப்பி மூடியைப் பார்த்ததுமே லாங்டன்தான்னு கண்டுபிடிச்சிட்டேன், நீ எப்போ கண்டுபிடிச்சே?’