ஒரு சுழல் கருவியும் நான் கெடுத்த திரொட்டில் பொடியும்

திருகோணமலை மத்திய வீதியில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் 9,500 ரூபாய்க்கு வாங்கிய, முனையைச் சுழற்றி அரைக்கவும் தேய்க்கவும் உதவும் சிறு சுழல் கருவியைப் பற்றியது இது. வாங்கிய நான் தொழில் தெரிந்தவன் அல்லன். உவர்மலையிலிருந்து கச்சேரிக்குப் போய்வரும் எழுதுவினைஞர். என்னிடம் இருப்பது 2007ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ, 1,500 சீசி. 2020இல் வாகன இறக்குமதி நின்று விலைகள் ஏறியபோதே காரை மாற்றும் ஆசையை விட்டுவிட்டேன். இருப்பதையே கொஞ்சம் சுறுசுறுப்பாக்கலாமே என்று தோன்றியதுதான் வினை.

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் லொறியை முந்தும்போது, மிதித்த பிறகு கார் ஒரு கணம் யோசிக்கும். இந்தக் காரில் மிதிக்கும் இடத்துக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டுக்கும் இடையே கம்பி கிடையாது. மிதியின் உணரி சொல்வதைக் கணினி கேட்டு, சின்ன மோட்டாரால் தட்டைத் திறக்கிறது. அந்தத் தட்டு உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கூடுதான் திரொட்டில் பொடி (throttle body). அதன் உள்வாயை வழவழப்பாக்கினால் அந்த யோசனை குறையும் என்று நான் நம்பினேன்.

கருவி கைக்கு அடக்கமானது. வேகம் நிமிடத்துக்கு 8,000 முதல் 33,000 சுற்று வரை என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். கூடவே நாற்பது துணைச் சாமான்கள்: சாம்பல் நிறக் கல் முனைகள், கம்பளிச் சக்கரங்கள், எமரி உருளைகள், வெட்டும் தட்டுகள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அலுமினியத்துக்கு அவற்றில் பாதி உதவாது. கல் முனையை வைத்த ஒரு நிமிடத்துக்குள் அதன் துளைகளில் அலுமினியம் அப்பி, கல் வெள்ளியாக மினுங்கியது. அதன்பின் அது அரைக்கவில்லை, தேய்த்துச் சூடாக்கியது. எமரி உருளைதான் கைகொடுத்தது. அதையும் குறைந்த வேகத்தில், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு. சமையலறை வாசலில் உட்கார்ந்து செய்ததால் அன்றைய சோறுகூட மண்ணெண்ணெய் வாசத்தோடு இருந்ததாக வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

கழற்றிய பொடியின் மோட்டார் பக்கத்தைப் பொலித்தீன் பையால் சுற்றி நாடா ஒட்டினேன். அதைச் சரியாகச் செய்தேன். பிழை வேறிடத்தில் நடந்தது. வாய் ஓரத்திலிருந்து உள்ளே போகப் போக, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை இறங்கிவிட்டது. பூட்டி ஸ்டார்ட் செய்தால், சூடேறிய பிறகும் எஞ்சின் 1,300 சுற்றில் நின்று இரைந்தது. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

அனுராதபுரச் சந்திப் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் அதை வெயிலுக்கு நேரே பிடித்தார். தட்டைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தது. "அண்ணன், இது எல்லாப் பொடியிலும் தெரியும்தானே?" என்றேன். மின்சாரம் இல்லாதபோது இந்தத் தட்டு முழுதாக மூடாமல், வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு போகும் அளவுக்குச் சற்றே திறந்து நிற்கும் என்று படித்திருந்தேன். அவர் பதில் சொல்லாமல் பெருவிரலால் தட்டை மெல்ல அழுத்தி முழுதாக மூடினார். கீழ் ஓரத்தில் மட்டும் மெல்லிய பிறையாக வெளிச்சம் நின்றது. "தம்பி, தட்டு வந்து உட்காருகிற இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இனிக் கணினி எவ்வளவு மூடினாலும் காற்று போகும்" என்றார்.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் பொடி ஒன்று வரவழைத்தேன். கருவியின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. இம்முறை தட்டின் இருக்கைக்கு மேலேயும் கீழேயும் பென்சிலால் கோடு போட்டு, கோட்டைத் தொடவே இல்லை. வார்ப்பின் திட்டையும் வாயிலின் கூர் விளிம்பையும் மட்டும் தடவிச் சரித்தேன். அலுமினியத் துகள் ஒன்றுகூட எஞ்சினுக்குள் போகக்கூடாது என்று மூன்று தரம் துடைத்தேன். பூட்டிய பிறகு கணினி புதிய மூடுநிலையைப் பழகிக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்தது. பின் எஞ்சின் 700இல் அமைதியாக நின்றது.

பலன்? மிதியின் முதல் கால் பங்கில் கார் முன்பைவிட உடனே இழுக்கிறது. முழு மிதியில் எந்த வித்தியாசமும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. 50 மில்லிமீற்றர் துவாரம் 51 ஆனால் பரப்பு 4 சதவீதம் கூடும். ஆனால் தட்டு அதே தட்டு என்றால் துவாரத்தை அங்கே பெருப்பிக்கவே முடியாது. பழைய பொடியில் படிந்திருந்த கரிப்பிசினை நினைத்துப் பார்க்கிறேன். அதைத் துடைத்திருந்தாலே இந்தச் சுகத்தில் முக்கால்வாசி கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது மாதமாக ஓடுகிறது. உப்புக்காற்றில் முனை பிடிக்கும் நட்டு மட்டும் துருப்பிடித்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் பிடி சுடுகிறது, இளைப்பாற விட வேண்டும். கூடவே வந்த கார்பன் பிரஷ் இரண்டில் ஒன்றை மாற்றியாயிற்று. அலுமினியத்துக்கென்றே அகன்ற பள்ளம் விட்ட கார்பைடு முனை அந்தக் கடையிலேயே இப்போது 1,200 ரூபாய்க்கு இருக்கிறது. நான் வாங்கப் போன அன்று அதைக் காட்டவில்லை; கேட்கவும் எனக்குத் தெரியவில்லை.