தினம் ஒரு அதிகாரமா, தலைப்பு வாரியாகவா?

பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிப்பது பலருக்கும் பழக்கம், எல்ஆர்டி ரயில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்து சேர்வதற்குள் ஒன்று முடிந்துவிடும். முதல் 9 அதிகாரங்கள் தொடர் பேச்சாக ஓடுவதால் இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தும். அப்புறம்தான் சிக்கல், வசனத்துக்கு வசனம் விஷயம் மாறும், மதியச் சாப்பாட்டுக்குள் பாதி மறந்துபோகும்.

தலைப்பு வாரியாக என்றால் கதையே வேறு. மச்சான் கார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார் என்று வையுங்கள். 6:1-5, 11:15, 17:18, 22:26-27 எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பிணைப்படாதே என்பதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவன் கண்ணுக்குத் தூக்கம்கூடக் கொடுக்காமல் போய்க் கெஞ்சித் தன்னை விடுவித்துக்கொள்ளச் சொல்கிறது 6-ஆம் அதிகாரம், கட்ட வழியில்லையென்றால் படுத்திருக்கும் படுக்கையே போய்விடும் என்கிறது 22. பேங்கில் பேனாவை எடுக்கும் முன் நமக்கு யாராவது சொல்ல வேண்டியது இதுதானே!

புதிதாகத் தொடங்குபவர் தேதி முறையிலேயே போகட்டும், எங்கே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. ஆனால் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டிய நேரத்தில் நான் தலைப்பு முறையைத்தான் சொல்வேன், பைபிள் ஆப்பில் ‘பிணை’ என்று தேடினாலே போதும்.